நீதிபதி சாமுவேல் சேஸ்: 34ல் 25 பேர் எதிர்க்கட்சி, அப்படியும் பதவி தப்பியது எப்படி?

ஏட்டுச்சுரைக்காய் கேட்டது:

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆரம்பகால நீதிபதி சாமுவேல் சேஸ் பற்றித் தமிழில் கிடைப்பதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒரு கட்டுரை "1804ல் பதவி நீக்கம் செய்யப்பட்டார்" என்கிறது. இன்னொன்று 1811ல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார் என்கிறது. எது சரி?

செனட்டில் அப்போது 34 பேர். அதில் 25 பேர் அப்போதைய ஜனாதிபதி ஜெபர்சனின் ரிபப்ளிகன் கட்சி (இன்றைய ரிபப்ளிகன் கட்சி அல்ல), 9 பேர்தான் சேஸின் பெடரலிஸ்ட் பக்கம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே கையில் இருந்தும் ஏன் தோற்றார்கள்? "நீதித்துறைச் சுதந்திரத்தை மதித்து விட்டுவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். அதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையகோப்பு பதில்:

முதல் குழப்பம் மொழிபெயர்ப்பில் வந்தது. இம்பீச்மென்ட் என்பதை நம் பத்திரிகைகள் "பதவி நீக்கம்" என்றே எழுதிப் பழகிவிட்டன. அமெரிக்க முறையில் அது குற்றம் சாட்டும் கட்டம் மட்டுமே. கீழவையான பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். அவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு "குற்றவாளி" என்றால்தான் பதவி போகும். சேஸ் மீது கீழவை 1804 மார்ச் 12 அன்று 73க்கு 32 என்று வாக்களித்தது. செனட் 1805 மார்ச் 1 அன்று விடுவித்தது. 1811 ஜூன் 19 அன்று பால்டிமோரில் இறக்கும்போதும் அவர் நீதிபதிதான். ஆக இரண்டாவது கட்டுரை சரி. முதலாவதில் "பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது" என்று எழுத நினைத்துக் கைதவறியிருக்கலாம்.

அந்த மார்ச் 12ஐ குறித்துக்கொள்ளுங்கள். அதே நாளில்தான் செனட், நியூ ஹாம்ப்ஷயர் மாவட்ட நீதிபதி ஜான் பிக்கரிங்கை 19க்கு 7 என்று குற்றவாளியாக்கி வெளியேற்றியது. பிக்கரிங்குக்கு மனநிலை சரியில்லை, குடியும் சேர்ந்துகொண்டது. அவர் செய்தது "பெருங்குற்றம்" என்ற வரையறைக்குள் வராது என்று தெரிந்தேதான் நீக்கினார்கள். அந்தச் சூடு ஆறுமுன் கீழவை சேஸ் பக்கம் திரும்பியது. அடுத்து தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்தான் என்ற பேச்சும் இருந்தது. மார்ஷலுக்கும் அந்தப் பயம் இருந்ததற்கு அவரே சேஸுக்கு எழுதிய கடிதம் சாட்சி: ஒரு தீர்ப்பு தவறென்று காங்கிரஸ் நினைத்தால், நீதிபதியை நீக்குவதைவிட அந்தத் தீர்ப்பை மாற்றிவிடுவது மேல் என்று அதில் எழுதியிருக்கிறார். சட்டமன்றமே மேல்முறையீட்டு மன்றமாகட்டும் என்பதுதான் அதன் பொருள்! அப்படிச் சொன்னவர், அதற்கு ஒரு வருடம் முன்பு மார்பரி வழக்கில் காங்கிரஸ் சட்டத்தையே செல்லாது என்றவர்.

இனி கணக்கு. 34ல் மூன்றில் இரண்டு 22.67, அதாவது 23 ஓட்டு. கையில் 25 இருந்ததால் மூன்று பேர் நழுவினாலே முறிந்துவிடும். நழுவியவர்கள் ஆறு பேர். குற்றச்சாட்டுகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கு. ஓட்டு அதிகம் விழுந்தது எட்டாவதில், 19க்கு 15. அந்த 15 என்பது 9 பெடரலிஸ்டுகளும் 6 ரிபப்ளிகன்களும். வெர்மாண்டின் இரு செனட்டர்கள், நியூயார்க்கின் இருவர், ஒஹையோவிலிருந்து ஒருவர், தென் கரோலினாவிலிருந்து ஒருவர்.

பெடரலிஸ்டுகள் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. கனெக்டிகட்டின் யூரியா டிரேசி நோய்வாய்ப்பட்ட நிலையில் அவைக்கு வந்து வாக்களித்தார்.

---

மறுவிசாரணை பதில்:

எட்டுக் குற்றச்சாட்டுகளையும் பார்க்காமல் இந்த வாக்குகள் விளங்காது. மூன்று ஊர், ஒரு மேடை என்று பிரித்துக்கொண்டால் சுலபம்.

ஒன்றாவது, பிலடெல்பியா, 1800. ஜான் பிரைஸ் என்ற ஏலக்காரர். 1798ல் வீடு, நிலம், அடிமைகள் மீது மத்திய அரசு போட்ட நேரடி வரியை எதிர்த்து, பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஊரில் மத்திய நீதிமன்றக் காவல் அதிகாரி பிடித்து வைத்திருந்தவர்களை 1799 மார்ச்சில் கூட்டமாகப் போய் விடுவித்தவர். குற்றம் தேசத்துரோகம், தண்டனை தூக்கு. முதல் விசாரணையில் தண்டனை விழுந்தது. ஆனால் ஜூரர் ஒருவர் முன்பே மனம் சாய்ந்து பேசியது தெரியவந்து மறுவிசாரணைக்கு உத்தரவானது. அந்த மறுவிசாரணை சேஸ் கையில் வந்தது. வழக்கறிஞர்கள் வாய் திறப்பதற்கு முன்பே "தேசத்துரோகம் என்றால் இதுதான்" என்று சட்டக் கருத்தை எழுதி எடுத்துவந்து, அதன் பிரதிகளைக் கொடுத்தார். நேரம் மிச்சமாகுமாம்! இங்கிலாந்தின் பழைய வழக்குகளை ஜூரி முன் எடுத்துக் காட்டவும் தடை போட்டார். வில்லியம் லூயிஸ், அலெக்சாண்டர் டல்லஸ் இருவரும் வழக்கிலிருந்து விலகினார்கள். மறுநாள் சேஸ் இறங்கிவந்து, விரும்பியபடி வாதாடுங்கள் என்றார். அவர்கள் திரும்பவில்லை. அதில் ஒரு கணக்கு இருந்தது: வக்கீல் இல்லாமல் தூக்குத் தண்டனை விழுந்தால் ஜனாதிபதி மன்னிக்க வாய்ப்பு கூடும். நினைத்தபடியே ஆடம்ஸ் மன்னித்தார். செனட்டில் இந்தக் குற்றச்சாட்டுக்கு 16 ஓட்டு.

இரண்டாவது முதல் ஆறாவது வரை ஒரே வழக்கு: ரிச்மண்ட், 1800, ஜேம்ஸ் காலெண்டர். ஜனாதிபதி ஆடம்ஸைத் தாக்கி எழுதியதற்காக 1798 செடிஷன் சட்டத்தில், அதாவது அரசை அவதூறாக எழுதுவதைத் தண்டிக்கும் சட்டத்தில், வழக்கு. அந்தச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். காலெண்டருக்கு விழுந்தது 9 மாதம், 200 டாலர். இங்கே பிரச்சினை தண்டனையின் அளவு இல்லை, விசாரணை நடந்த விதம்.

செடிஷன் சட்டம் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்க இடம் தந்தது. கரோலின் பகுதியின் ஜான் டெய்லரைச் சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். அவரிடம் கேட்கப்போகும் கேள்விகளை எழுதித் தாருங்கள் என்றார் சேஸ். பார்த்துவிட்டு, குற்றச்சாட்டின் ஒரு பாதியைத்தான் இந்தச் சாட்சி நிரூபிக்க முடியும், ஒரே சாட்சி முழுவதையும் நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியத்தையே மறுத்துவிட்டார். எந்த ஊரிலும் ஒரு சாட்சி ஒரு துண்டைத்தான் சொல்வார், அடுத்த துண்டை அடுத்தவர் சொல்வார். மூன்றாவது குற்றச்சாட்டு இது, 18 ஓட்டு. கேள்விகளை எழுதிக் கேட்டது, வழக்கைத் தள்ளிவைக்க மறுத்தது, வக்கீல்களைக் கிண்டலடித்து இடைமறித்தது எல்லாம் சேர்ந்து நான்காவது, அதற்கும் 18. ஏற்கெனவே மனதில் ஒரு முடிவோடு இருந்த ஜூரரை விலக்க மறுத்தது இரண்டாவது, அதற்கு 10தான்.

ஐந்தாவதும் ஆறாவதும்தான் வழக்கு தொடுத்தவர்களுக்கே வினையானது. வர்ஜீனியா மாநிலச் சட்டப்படி சம்மன் அனுப்பாமல் கைது வாரண்ட் போட்டார், நீதிமன்றம் கூடிய அதே தவணையிலேயே விசாரணையை முடித்தார் என்பவை. மாநில நடைமுறை மத்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா என்பதே தெளிவில்லாத காலம். கட்டுப்படுத்தும் என்றே வைத்துக்கொண்டாலும் அது பிழை, குற்றமல்ல. ஐந்தாவதுக்கு விழுந்த ஓட்டு பூஜ்யம், ஆறாவதுக்கு 4. முன்வரைவில் இல்லாத இவற்றைப் பின்னால் சேர்த்தார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் கனம் கூடும் என்று நினைத்தார்கள் போலும். நடந்தது நேர்மாறு. இப்படி ஒரு பிழைக்கே நீதிபதி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் மிஞ்சமாட்டார் என்று தற்காப்புத் தரப்பு சுலபமாகச் சொல்ல முடிந்தது.

ஏழாவது டெலவேரின் நியூ காஸில், 1800. எழுத வேண்டிய குற்றப்பத்திரிகை எதுவும் இல்லை என்று கிராண்ட் ஜூரி (யார் மேல் வழக்குப் போடலாம் என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) சொன்ன பிறகும் அவர்களை அனுப்பாமல், வில்மிங்டன் பத்திரிகை ஒன்றைத் துருவிப் பார்க்கச் சொன்னார். 10 ஓட்டு.

எட்டாவதுதான் எல்லாவற்றுக்கும் பொறி. 1803 மே 2, பால்டிமோர். கிராண்ட் ஜூரிக்கு வழக்கமான அறிவுரை சொல்லும் இடத்தில், 16 சர்க்யூட் (வட்டார மத்திய நீதிமன்ற) நீதிபதிகளின் பதவியை 1802ல் காங்கிரஸ் ரத்து செய்ததையும், மேரிலாந்தில் சொத்துத் தகுதி இல்லாமல் ஓட்டுரிமை கொடுத்ததையும் திட்டித்தீர்த்தார். குடியரசு கும்பலாட்சியாகிவிடும் என்றார். ஜெபர்சன் மே 13 அன்று மேரிலாந்து உறுப்பினர் நிக்கல்சனுக்கு எழுதி, இதைத் தண்டிக்காமல் விடலாமா என்று கேட்டார். தான் தலையிடாமலிருப்பது நல்லது என்றும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டார்! கெட்டிக்காரர்.

பாருங்கள், மிக அதிக ஓட்டு விழுந்தது தண்டனையோ உயிரோ சம்பந்தப்படாத அரசியல் பேச்சுக்கு. தூக்குமேடை வரை ஒருவரைக் கொண்டுபோன பிலடெல்பியா விசாரணைக்கு அதைவிட 3 ஓட்டு குறைவு. என் பார்வையில் முதல், மூன்றாவது, நான்காவது ஆகிய மூன்றை மட்டும் வைத்து நடத்தியிருந்தால் வழக்கு வேறு மாதிரி நின்றிருக்கும்.

---

சன்னல்சீட் பதில்:

மறுவிசாரணை சொன்னதில் குற்றச்சாட்டு விவரங்கள் சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. வரைவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஆறு பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம். காரணம் ஜான் ராண்டால்ஃப்.

கீழவையின் சார்பில் வழக்கு நடத்திய குழுவுக்கு அவர்தான் தலைவர். வக்கீல் தொழில் பார்த்தவர் இல்லை. எதிரே மேரிலாந்தின் லூதர் மார்ட்டின், ராபர்ட் குட்லோ ஹார்ப்பர், ஜோசப் ஹாப்கின்சன், பிலிப் பார்ட்டன் கீ, முன்னாள் அட்டர்னி ஜெனரல் சார்லஸ் லீ என ஐந்து பேர். ராண்டால்ஃப் தன் முடிவுரை நாளில் குறிப்புகளைத் தொலைத்துவிட்டு, அழுதும் தடுமாறியும் பேசி முடித்தார்.

அது வெளியே தெரிந்த பலவீனம். உள்ளே இன்னொன்று. அதே 1805 தொடக்கத்தில் யாஸூ நிலப் பிரச்சினை காங்கிரஸில் எரிந்துகொண்டிருந்தது. 1795ல் ஜார்ஜியா சட்டமன்றம் லஞ்சம் வாங்கிக்கொண்டு விற்ற மேற்கு நிலங்களை வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்கலாம் என்பது அரசின் நிலை. வாங்கியவர்களில் வடமாநிலத்தார் நிறையப் பேர். ராண்டால்ஃப் அதைக் கடுமையாக எதிர்த்துச் சொந்தக் கட்சியின் வடக்கத்திக்காரர்களையே ஏசினார். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் அந்தச் சண்டை, பிப்ரவரி 4 அன்று சேஸின் பதில் மனு, மார்ச் 1 அன்று வாக்கு. விலகிய ஆறில் நான்கு வெர்மாண்டும் நியூயார்க்கும் என்று பழையகோப்பு சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தென் கரோலினாக்காரரை இந்தக் கணக்கில் அடக்க முடியாது. ஆனால் "நீதித்துறைச் சுதந்திரம்" என்ற ஒரே வரியை நம்பாதீர்கள்.

தோற்ற கையோடு ராண்டால்ஃப் என்ன செய்தார் தெரியுமா? இரு அவைகளும் கேட்டுக்கொண்டால் ஜனாதிபதியே நீதிபதியை நீக்கலாம் என்று அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். நிக்கல்சன் தன் பங்குக்கு, மாநிலங்கள் தங்கள் செனட்டரைத் திரும்ப அழைக்கலாம் என்று இன்னொரு திருத்தம். இரண்டும் கரை சேரவில்லை.

இன்னொரு வேடிக்கை, விசாரணைக்குத் தலைமை வகித்தவர் துணை ஜனாதிபதி ஆரன் பர். முந்தைய ஜூலையில் முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனைச் சுட்டதற்காக அவர் மேலேயே வழக்கு இருந்தது. ஆனாலும் விசாரணையை ஒழுங்காக நடத்தினார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

---

பழையகோப்பு பதில்:

சன்னல்சீட் சொன்ன யாஸூ விஷயம் ஏற்கத்தக்கது. ஆனால் வாக்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 0 முதல் 19 வரை மாறியிருக்கிறது. ராண்டால்ஃப் மேல் கோபம் மட்டும் என்றால் எல்லாவற்றிலும் ஒரே எண் வந்திருக்க வேண்டும். அந்த ஆறு பேருக்கு வெளியேயும் பலர் குற்றச்சாட்டைப் படித்துத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

எழுதுபவர்கள் கவனிக்க இன்னும் இரண்டு. பிரைஸ் வழக்கு தேசத்துரோகம், காலெண்டர் வழக்கு அரசு மீது அவதூறு. நம் பத்திரிகைகள் இரண்டையும் "தேசத்துரோகம்" என்றே எழுதும். அப்படிக் கலந்துவிட்டால் ஒன்றில் தூக்கும் மற்றதில் 9 மாதமும் ஏன் என்று வாசகருக்கு விளங்காது.

மற்றது, சாமுவேல் சேஸ் வேறு, சால்மன் சேஸ் வேறு. பின்னவர் 1864 முதல் 1873 வரை தலைமை நீதிபதி, 1868ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான இம்பீச்மென்ட் விசாரணைக்குத் தலைமை வகித்தவர். சேஸ் வங்கியின் பெயர் இவரால் வந்தது. இருவர் பெயரோடும் இம்பீச்மென்ட் ஒட்டிக்கொண்டிருப்பதால் தேடும்போது மாறிப்போகும்.

---

ஏட்டுச்சுரைக்காய்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும். இந்த விசாரணையைத் தவிர சேஸுக்கு நீதிபதியாக ஏதாவது பெயர் உண்டா? தீர்ப்பு படிப்பதென்றால் எதில் தொடங்கலாம்? 1787 அரசியல் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவரை வாஷிங்டன் எப்படி உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்தார் என்பதும் புரியவில்லை.

---

மறுவிசாரணை பதில்:

கடைசிக் கேள்வி முதலில். 1741ல் மேரிலாந்தில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர். அன்னாபொலிஸில் ஒரு வழக்கறிஞரிடம் சட்டம் கற்று 1761ல் வக்கீல். முத்திரைச் சட்ட எதிர்ப்பில் தெருவில் நின்றவர், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1778ல் காங்கிரஸில் கிடைத்த ரகசியத்தை வைத்து மாவு பதுக்கினார் என்று ஹாமில்டன் புனைபெயரில் கிழித்தார். மேரிலாந்து அவரைப் பிரதிநிதிகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வியாபாரத்தில் கடனாளியானார். 1788ல் மேரிலாந்து மாநாட்டில் அரசியல் சட்டத்துக்கு எதிராக ஓட்டு. அதே ஆண்டு பால்டிமோர் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி, 1791ல் மாநிலப் பொது நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. இதற்கிடையே தீவிர பெடரலிஸ்டாக மாறியிருந்தார். 1796 ஜனவரியில் ஜான் பிளேர் விட்டுப்போன இடத்துக்கு வாஷிங்டன் பெயர் சொல்ல, மறுநாளே செனட் ஒப்புக்கொண்டது. அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதும் அப்போது லேசில்லை. சம்பளம் ஆண்டுக்கு 3,500 டாலர். தலைநகரில் பிப்ரவரி, ஆகஸ்ட் இரு தவணை போக, மற்ற நாளெல்லாம் சொந்தச் செலவில் சர்க்யூட் சுற்ற வேண்டும், அதாவது ஊர் ஊராகப் போய் விசாரணை நடத்த வேண்டும். மேலே சொன்ன பிலடெல்பியா, ரிச்மண்ட், நியூ காஸில், பால்டிமோர் எல்லாமே சர்க்யூட்டில் நடந்தவை. உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவர் செய்த எதுவும் குற்றச்சாட்டில் இல்லை.

படிக்க மூன்று: டல்லஸ் தொகுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் மூன்றாம் பாகத்தில் 171, 199, 386 ஆகிய பக்கங்களில் தொடங்குபவை.

ஹில்டன் வழக்கு, 1796. 1794ல் வண்டிகள் மீது போட்ட வரி அரசியல் சட்டம் சொல்லும் "நேரடி வரி"யா என்பது கேள்வி. வழக்குத் தொகை உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் அளவு வரவேண்டும் என்பதற்காக ஹில்டனிடம் 125 வண்டி இருப்பதாக இரு தரப்பும் கூடிக் கற்பனை செய்தார்கள். ஒரு வண்டிக்கு வரியும் அபராதமும் 16 டாலர், மொத்தம் 2,000. எல்லா மாநிலத்துக்கும் ஜனத்தொகைப்படி பங்கிட முடியாத வரி நேரடி வரியே அல்ல என்றார் சேஸ். தலைவரியும் நிலவரியும் மட்டுமே நேரடி வரி என்ற அவருடைய எண்ணம் நூறாண்டு தாங்கியது.

வேர் எதிர் ஹில்டன், அதே ஆண்டு. போரின்போது வர்ஜீனியா பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கான கடனை மாநிலக் கருவூலத்தில் கட்டித் தீர்த்துக்கொள்ள விட்டது. 1783 பாரிஸ் ஒப்பந்தம் அந்த மாநிலச் சட்டத்தைத் தள்ளிவிடும் என்பது தீர்ப்பு. கடனாளி தரப்புக்கு வாதாடித் தோற்றவர் ஜான் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாக அவர் வாதாடிய ஒரே வழக்கு இது.

கால்டர் எதிர் புல், 1798. முன்தேதியிட்டுக் குற்றமாக்கும் சட்டங்களுக்கான தடை குற்றவியலுக்கு மட்டும், சொத்து வழக்குக்கு இல்லை. அந்தத் தடைக்குள் வருவது எவை என்று சேஸ் நான்காகப் பிரித்தார்: செய்தபோது குற்றமாக இல்லாததைக் குற்றமாக்குவது, குற்றத்தின் தரத்தைக் கூட்டுவது, தண்டனையைக் கூட்டுவது, தண்டிக்க வேண்டிய சாட்சியத்தின் அளவைக் குறைப்பது. 2000ல் கார்மெல் எதிர் டெக்சாஸ் வழக்கில் நான்காவது பிரிவை வைத்தே தீர்ப்பு வந்தது. சாட்சிய விதியில் இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர்தான் ஜான் டெய்லரைக் கூண்டில் ஏறவிடாமல் தடுத்தவர்.

படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வேர், கால்டர் இரண்டிலும் சேஸின் கருத்து முதலில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து "நீதிமன்றத்தின் சார்பில் சேஸ் எழுதினார்" என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியே வாசிப்பார், அதிலும் இளையவர் முதலில். சேஸ் பணியில் இளையவர், அவ்வளவுதான். கால்டரில் இயற்கை நீதிக்கு முரணான சட்டம் சட்டமே அல்ல என்று அவர் சொன்னதை அதே வழக்கில் சக நீதிபதி அயர்டெல் மறுத்திருக்கிறார். அது மொத்த நீதிமன்றத்தின் கருத்து அல்ல. 1801ல் மார்ஷல் வந்து "நீதிமன்றத்தின் கருத்து" என்று ஒரே தீர்ப்பாக வாசிக்கத் தொடங்கியபின் சேஸின் பெயரில் அச்சானவை மிகக் குறைவு. ஆகவே 1801க்குப் பிறகு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.